தங்கம் எடுத்து முடித்த ஊரில் கீரைக்கு இடம் உண்டா? நகரத் திட்டத்தில் விவசாயம் ஏன் வேண்டும்?

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதிக்கு நீங்கள் போயிருந்தால் முதலில் கண்ணில் பட்டது அந்த மேடுதான். பாறையை உடைத்து, அரைத்து, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். ஊர்க்காரர்கள் அதை 'சயனைடு மலை' என்பார்கள். 2018-இல் வந்த 'கேஜிஎஃப்' படத்துக்குப் பிறகு அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். மேட்டைத் தாண்டினால் வரிசை வரிசையாகத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், மூடிக்கிடக்கும் சுரங்கக் கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே முள் மண்டிய காலி நிலம்.

இதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு நிலம் சும்மா கிடக்குதே, காய்கறி போடக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். உலகம் முழுவதும் நகரத் திட்டமிடலில் இப்போது பேசப்படும் கேள்வியும்கூட. ஆனால் தங்கவயலில் இதற்குப் பதில் சொல்ல, விதை வாங்குவதற்கு முன்பே நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மண் எப்படிப்பட்டது? நிலம் யாருடையது? தண்ணீர் எங்கிருந்து வரும்? சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? இந்த நான்கும் உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

நகர விவசாயம்னா மாடித்தோட்டம்தானே?

மாடித்தோட்டம் அதில் ஒரு சின்னப் பகுதி. நகர எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் உணவுக்காகச் செய்யப்படும் எல்லாமே நகர விவசாயம்தான். வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கை, ஏரிக்கரையில் கீரைப்பாத்தி, தெருவில் கட்டியிருக்கும் கறவை மாடு, ஆடு, கோழி, ஊருக்கு வெளியே சந்தைக்காகப் போடும் தக்காளி என எல்லாம் இதில் சேரும்.

மாடித்தோட்டத்துக்கு அரசு உதவி கிடைப்பது புதிதல்ல. தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் பைகள், தென்னைநார்க் கழிவு, விதை அடங்கிய தொகுப்பை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிவாக்கியது. நல்ல திட்டம். ஆனால் பை கொடுப்பது வேறு, நிலம் ஒதுக்குவது வேறு. சொந்த மாடி இருப்பவருக்குப் பை பயன்படும். ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் இருப்பவருக்கு மாடியே கிடையாது. அவருக்குத் தரையில் இடம் வேண்டும். தரையில் இடம் என்றாலே நகரத் திட்டம் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நகரத்துக்குத் தேவையான அரிசியும் பருப்பும் நகரத்துக்குள் விளையப் போவதில்லை. கீரை, காய், முட்டை, பால் ஆகியவற்றில் ஒரு பங்கு விளையலாம். சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்த 25-30 நாளில் கைக்கு வரும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாத வீட்டில், அந்த ஒரு பங்குதான் குழந்தையின் தட்டில் காய் இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. கூடவே, திறந்த மண் மழைநீரை உள்ளே இழுக்கும், தெருவின் சூட்டைக் குறைக்கும், ஈரக் குப்பையை உரமாக எடுத்துக்கொள்ளும். கான்கிரீட் போட்ட நிலம் இவற்றில் எதையும் செய்யாது.

தங்கவயல் எப்படி உருவானது?

நந்திதுர்க் என்பது நந்தி மலையின் இன்னொரு பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய சுரங்கம், மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம் ஆகியவற்றோடு சேர்ந்து தங்கவயலின் நான்கு பெரிய சுரங்கங்களில் ஒன்று.

1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே பெரிய அளவில் வேலையைத் தொடங்கியது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

இது தானாக வளர்ந்த ஊர் கிடையாது. கம்பெனி அளந்து, கோடு போட்டு அமைத்த ஊர். அதிகாரிகளுக்குப் பெரிய பங்களா, சுற்றிலும் தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் வந்ததே அதனால்தான். தொழிலாளிக்கு வரிசையில் ஒரு சிறிய அறை, ஆரம்ப காலத்தில் வெறும் தட்டி வீடு. அதாவது, நகரத் திட்டத்தில் தோட்டத்துக்கு இடம் ஒதுக்குவது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. யாருக்கு ஒதுக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த லைன் வீடுகளுக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். சொந்த ஊரில் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். சாதிக் கொடுமையும் பஞ்சமும் துரத்த, சுரங்கத்துக்கு வந்தார்கள். விவசாயம் அவர்களுக்குத் தெரியும். நிலம்தான் இல்லை. மூன்று நான்கு தலைமுறைக்குப் பிறகு அதே குடும்பங்கள் காலி நிலத்துக்கு நடுவே இருக்கின்றன, அதிலும் அவர்கள் பெயரில் எதுவும் இல்லை.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பியது. வேலைக்காக மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் தினசரி வாழ்க்கையானது. நகர விவசாயத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். விடியற்காலை போய் ராத்திரி வருகிறவருக்குப் பாத்தி கட்ட நேரம் ஏது? இதைச் சம்பளம் வரும் வேலையாகவும் ஆக்கினால்தான் நிற்கும். 'பொழுதுபோக்காகச் செய்யுங்கள்' என்று சொன்னால் நடக்காது.

முதல் கேள்வி: இந்த மண்ணுல விளையறதைச் சாப்பிடலாமா?

எல்லா இடத்திலும் இல்லை. எங்கே சாப்பிடலாம், எங்கே கூடாது என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

தங்கவயலில் 13 கழிவு மேடுகள் இருக்கின்றன. பரப்பளவு சுமார் 1,000 ஏக்கர், எடை சுமார் 3.3 கோடி டன். அரைத்த பாறையைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். பெயரில் இருக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். நீண்ட காலம் தங்குவது பாறையிலேயே இருந்த பொருள்கள்தான். தங்கம் இருக்கும் பாறையில் கந்தகக் கனிமங்களும் ஆர்சனிக், ஈயம் போன்றவையும் சேர்ந்திருப்பது உலகின் பல சுரங்கங்களில் காணப்படுவது. கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். அமிலம் உலோகங்களைக் கரைத்துப் பக்கத்து மண்ணுக்கும் ஓடைக்கும் கொண்டுபோகும். கோடையில் காற்று அடித்தால் மேட்டின் மாவு போன்ற தூசி லைன் வீடுகளுக்குள் வருவது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. விவசாயிகளுக்கு 2015 முதல் தரப்படும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்து, துத்தநாகம் முதலான நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பு, கரிமம் ஆகியவை. ஆர்சனிக்கும் ஈயமும் அதில் கிடையாது. 'மண் டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா இருக்கு' என்று அட்டையைக் காட்டினால், அது பயிருக்கு நல்ல மண் என்று மட்டுமே சொல்கிறது. சாப்பிடுகிறவருக்கு நல்லதா என்று சொல்வதில்லை. கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பயிருக்குப் பயிர் ஆபத்தும் மாறும். பொதுவாகக் கீரையும் கிழங்கும் மண்ணிலிருந்து உலோகத்தை அதிகமாக எடுக்கும். இலையில் தூசியும் படியும். தக்காளி, கத்தரி, அவரை போன்ற காய்களில் சேர்வது குறைவு. சந்தேகமான மண் என்றால் தரையில் விதைக்கக் கூடாது. ஓரத்தில் செங்கல் அடுக்கி, அடியில் தடுப்பு விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணும் மக்கு உரமும் நிரப்பிய உயரமான பாத்திதான் வழி.

ஆட்டையும் மாட்டையும் மறந்துவிடக் கூடாது. மேட்டடியில் மேயும் ஆடும் மாடும் அங்கே இருக்கும் புல்லையும் தூசியையும்தான் தின்கின்றன. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைதான். மேய்ச்சல் நிலம் எது என்று வரைபடத்தில் காட்டாத நகரத் திட்டம் இதைக் கவனிக்கவே முடியாது.

இரண்டாவது கேள்வி: நிலம் யாருடையது?

பாரத் கோல்டு மைன்ஸ் மத்திய அரசு நிறுவனம். மூடிய பிறகும் அதன் பெயரில் 12,000 ஏக்கருக்கும் மேல் இருக்கிறது. சாலை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. நில உபயோகத்தை முடிவு செய்வது மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்கும் நகர வளர்ச்சி ஆணையம். ஒரே தெருவில் மூன்று அதிகாரங்கள்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழிற்பேட்டைக்கான பேச்சும் பல ஆண்டுகளாக நடக்கிறது. வேலைவாய்ப்பு வரும் என்றால் தங்கவயலில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மேட்டைக் கிளறினால் தூசி கிளம்பும், லாரி ஓடும், கழிவை வேறு எங்காவது கொட்ட வேண்டியிருக்கும். எந்த வழியாக லாரி போகும், புதிய கழிவு எங்கே குவியும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் தோட்டத்துக்கு இடம் குறிக்க வேண்டும். முன்னாடியே குறிக்கவில்லை என்றால், எல்லாருக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் மூலைதான் தோட்டத்துக்குக் கிடைக்கும். அது பெரும்பாலும் மேட்டடியாகத்தான் இருக்கும்.

உரிமைக்கும் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாளைக்குக் காலி செய்யச் சொல்லலாம் என்ற இடத்தில் யாரும் மூன்று வருடம் எரு போட்டு மண்ணைத் திருத்த மாட்டார்கள். மாமரம் வைக்க மாட்டார்கள். சொந்தப் பட்டா இல்லாவிட்டாலும் எழுத்தில் ஐந்து வருடமோ பத்து வருடமோ குத்தகை இருந்தால் நிலைமை மாறும்.

மூன்றாவது கேள்வி: தண்ணீர்?

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து இந்த வழியாகத்தான் ஓடுகிறது, ஆனால் மழைக்காலம் தவிர மணல்தான் தெரியும். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட மாவட்டம் இது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் தண்ணீர் வராத விவசாயிகள் நிறைய. அப்படிப்பட்ட ஊரில் குடிநீர்க் குழாயைச் செடிக்குத் திருப்பச் சொல்ல முடியாது.

இந்த மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை நடந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற கணக்கில், கோலார் பக்கத்து 126 ஏரிகளில் நிரப்பும் திட்டம். 2018-இல் தண்ணீர் வந்தது. வந்த சில வாரங்களில் ஏரியில் நுரை பொங்கியது, வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது, பிறகு திட்டம் தொடர்ந்தது. வறண்ட ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது என்கிறார்கள் ஒரு சாரார். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருநகரத்தின் கழிவுநீர் பக்கத்து மாவட்டத்தின் விவசாயத்துக்குப் போகும் என்று முடிவு செய்துவிட்டால், அந்தத் தண்ணீரின் தரம் அங்கே விளையும் உணவின் தரத்தையும் பாதிக்கும்.

வீட்டளவில் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கோலாரில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 30 சதுர மீட்டர் கூரை இருந்தால் 21,000 லிட்டர், வீணாவது போக 16,000 லிட்டராவது பிடிக்கலாம். நாளுக்கு 40 லிட்டர் என்றால் 400 நாளுக்கு வரும் அளவு. ஆனால் அவ்வளவையும் சேமிக்கத் தொட்டி வேண்டும், ஒரு லைன் வீட்டில் அதற்கு இடமில்லை. பத்து வீட்டுக்கு ஒரு பொதுத் தொட்டி என்றால் முடியும். தூசி படியும் ஊர் என்பதால், ஒவ்வொரு முறையும் முதலில் வரும் மழைநீரைத் தனியே வெளியேற்றிவிட வேண்டும்.

நான்காவது கேள்வி: அட, காய் போட எதுக்குங்க சட்டம்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்கள் 1992-இல் நிறைவேறின. ஊராட்சிகளுக்கு எந்தெந்த வேலைகளைக் கொடுக்கலாம் என்பது 11-வது அட்டவணை. மொத்தம் 29 இனங்கள். அதில் முதல் இனமே விவசாயம். நகராட்சிகளுக்கு 12-வது அட்டவணை, 18 இனங்கள். அதில் விவசாயம் என்ற சொல்லே இல்லை. நகர்ப்புறக் காடு வளர்ப்பு இருக்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் இருக்கிறது. கால்நடை? 'பவுண்டு' இருக்கிறது, அதாவது தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. பட்டியலில் இல்லாத வேலைக்கு நகராட்சியில் தனி அதிகாரி இருக்க மாட்டார், பட்ஜெட்டில் தனித் தலைப்பு இருக்காது. விவசாயத் துறையைக் கேட்டால் 'நாங்கள் கிராமத்துக்கு' என்பார்கள். நகராட்சியைக் கேட்டால் 'அது விவசாயத் துறை' என்பார்கள். நடுவில் நிற்பவர் கீரைப்பாத்தி போட்டவர்.

சரி, மாஸ்டர் பிளானில் விவசாயம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டமிடல் சட்டம் 1961, நில உபயோகத்தைப் பிரிக்கும்போது குடியிருப்பு, வணிகம், தொழிலோடு விவசாயத்தையும் சொல்கிறது. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானிலும் விவசாய மண்டலம் உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த நிறம் எங்கே பூசப்படுகிறது? நகரத்தின் ஓரத்தில், இன்னும் வீடு வராத இடத்தில். அடுத்த திட்டத்தில் மஞ்சளாக, அதாவது குடியிருப்பாக, மாறக் காத்திருக்கும் நிலமாகவே அதைப் பார்க்கிறார்கள். ஊருக்கு நடுவே, ஒரு வார்டுக்குள், பூங்காவைப் போலவே நிரந்தரமாக ஒரு சமூகத் தோட்டம் என்ற வகை அதில் இல்லை. இந்த ஒரு வகையைச் சேர்ப்பதுதான் 'நகரத் திட்டத்தில் விவசாயத்தை இணைப்பது' என்பதன் அடிப்படை.

வேற எங்காவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. பணக்கார ஊர்களைவிட, அடி வாங்கிய ஊர்களில்தான் அதிகம்.

கியூபாவின் ஹவானா: 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் உணவும் உரமும் டீசலும் வருவது நின்றது. நகரத்தின் காலி மனைகளை விவசாயத்துக்குக் கொடுத்தார்கள். மண் மோசமான இடங்களில் உயரப் பாத்தி கட்டி மக்கு உரம் நிரப்பினார்கள். தங்கவயலுக்குப் பொருந்தும் தொழில்நுட்பம் இதுவே.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ: 2001 பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்காக நகராட்சி 2002-இல் நகர விவசாயத் திட்டம் தொடங்கியது. காலி நிலங்களைப் பட்டியலிட்டு, ஏழைக் குடும்பங்களுக்குப் பயன்பாட்டு உரிமை கொடுத்து, விற்கச் சந்தையும் அமைத்து, நில உபயோகத் திட்டத்திலேயே எழுதியது. 2021-இல் இதற்கு நகரங்களுக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட்: கார் தொழிற்சாலைகளின் ஊர். தொழில் போனதும் மக்கள் வெளியேற, காலி மனைகள் பெருகின. மக்கள் தாங்களாகவே பயிரிட்டார்கள், ஆனால் சட்டத்தின் பார்வையில் அது எதிலும் சேராத வேலை. 2013-இல் நகரம் தன் மண்டல விதியைத் திருத்தியது. ஒரு ஏக்கருக்குள் என்றால் 'நகரத் தோட்டம்', அதற்கு மேல் என்றால் 'நகரப் பண்ணை' என்று வரையறுத்தது. பெயர் வைத்த பிறகுதான் அனுமதியும் பாதுகாப்பும் பின்னால் வந்தன.

நம் நாட்டில் கொல்கத்தா: நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம். நகரத்தின் கழிவுநீர் அங்கே குளங்களில் வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகி, மீன் வளர்ப்புக்குப் பயன்படுகிறது. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 2006-இல் தனிச் சட்டம் வந்தது. கட்டட நெருக்கடி இன்றும் உண்டு, ஆனால் சட்டம் இருப்பதால் நீதிமன்றம் போக ஒரு பிடி இருக்கிறது. அதே சதுப்பு நிலத்தை ஒட்டிய தாபா குப்பைமேட்டுக் காய்கறிகளில் கன உலோகம் பற்றிய கவலையும் நீண்ட காலமாக இருக்கிறது. பரிசோதனை இல்லாத நகர விவசாயம் எங்கே போய் முடியும் என்பதற்கு அது எச்சரிக்கை.

தங்கவயலுக்கு இதைப் பொருத்தினால்?

வரைபடத்தில் மூன்று நிறம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

*சிவப்பு:* மேடும் அதன் அடிவாரமும், மேட்டிலிருந்து நீர் ஓடிவரும் ஓடைகளும். இங்கே உணவுப் பயிரும் வேண்டாம், மேய்ச்சலும் வேண்டாம். தூசியைத் தடுக்கப் புங்கன், சவுக்கு, மூங்கில் என மர வரிசை போடலாம்.

*மஞ்சள்:* பரிசோதனையில் சந்தேகமான இடங்கள். பூச்செடி, நாற்றுப் பண்ணை, அல்லது வெளி மண் நிரப்பிய உயரப் பாத்தி.

*பச்சை:* மண்ணும் நீரும் சோதித்துச் சரியென்று தெரிந்த இடங்கள். பள்ளிக்கூட வளாகம், பழைய மைதானங்களின் ஓரம், லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள பொது இடம். இங்கே வார்டு வாரியாகச் சமூகத் தோட்டம், எழுத்தில் குத்தகை.

சுமார் 1.6 லட்சம் பேர் வாழும் நகராட்சி இது. இந்தியாவில் நகரக் குப்பையில் பாதி அளவு ஈரக் குப்பைதான். அதைத் தரம் பிரித்து மக்கச் செய்வது நகராட்சியின் சட்டப்படியான கடமையும்கூட. உயரப் பாத்திகளுக்கு வேண்டிய உரம் அங்கேயே இருக்கிறது. கோலார் டமகாவில் தோட்டக்கலைக் கல்லூரியும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. எந்தப் பயிர், எந்தப் பருவம் என்று சொல்ல வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. சந்தைக்கும் தூரம் போக வேண்டாம், நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று கோலாரில்தான். ஆனால் மொத்தச் சந்தையில் தக்காளியோடு போட்டி போடுவது தோட்டக்காரருக்குக் கட்டுபடியாகாது. தெருவிலேயே காலையில் பறித்துக் காலையிலேயே விற்கும் கீரைக்குத்தான் லாபம்.

'தொழிற்சாலை வந்தா வேலை கிடைக்கும், கீரை எதுக்கு?'

இந்த எதிர்க்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஒரு ஏக்கர் தோட்டம் ஒரு தொழிற்சாலை கொடுக்கும் அளவு வேலை கொடுக்காது. தங்கவயலுக்கு முதலில் வேண்டியது நல்ல சம்பளம் உள்ள வேலைதான்.

ஆனால் ஒரே தொழிலை நம்பி முழு ஊரையும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் தங்கவயலைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2001-இல் சுரங்கத்தோடு சேர்ந்து மருத்துவமனை, தண்ணீர், மின்சாரம் என்று கம்பெனி பார்த்துக்கொண்ட எல்லாமே ஆட்டம் கண்டன. அடுத்த திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தொழிலுக்குப் போகட்டும். வார்டுக்கு ஒரு ஏக்கர் உணவுக்கு ஒதுக்கினால் தொழிற்சாலைக்கு எந்தக் குறையும் வராது.

நீங்க என்ன செய்யலாம்?

கர்நாடகச் சட்டப்படி மாஸ்டர் பிளான் பத்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும். வரைவு வெளியானதும் 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்து கொடுக்கலாம். மற்ற மாநிலங்களிலும் இதுபோலக் கால அவகாசம் உண்டு. அறிவிப்பு வருவது பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில். கவனித்துக்கொண்டே இருங்கள்.

கருத்து எழுதும்போது 'பசுமை வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: சமூக உணவுத் தோட்டம் என்று ஒரு நில உபயோக வகை வேண்டும். எங்கள் வார்டில் இந்த சர்வே எண்ணில் இவ்வளவு இடம். கன உலோகப் பரிசோதனை முடிவைப் பொதுவில் வெளியிட வேண்டும். குத்தகை இத்தனை வருடம். பொறுப்பு இந்த அதிகாரிக்கு.

வீட்டில் இன்றைக்கே தொடங்க நினைத்தால், சுரங்க மேடு, பழைய தொழிற்சாலை, குப்பைக்கிடங்கு, நெடுஞ்சாலை இவற்றின் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் என்றால் தரையில் விதைக்காதீர்கள். பையிலோ உயரப் பாத்தியிலோ வெளி மண் போட்டு, கீரைக்குப் பதில் கத்தரி, அவரை, தக்காளியில் தொடங்குங்கள். பறித்ததை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தோட்டத்தில் விளையாடி வந்த குழந்தைகளின் கையையும்தான்.

நந்திதுர்க்கின் லைன் வீடுகளில் இருப்பவர்களின் தாத்தா பாட்டிகள் நிலம் இல்லாததால் இங்கே வந்தார்கள். பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் வரை இறங்கினார்கள். தங்கவயலுக்கு அடுத்து வரும் வரைபடத்தில், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு மேலே பத்து அடி அகலத்தில் ஒரு பாத்தி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கேட்க 60 நாள் இருக்கிறது.